சின்ன ஊரில் பல் சீரமைப்பு மருத்துவராகக் காலம் தள்ளுவது எப்படி

பெரிய நகரத்தில் க்ளிப் போட்டுக் கழற்றிய நோயாளியை அதற்கப்புறம் நீங்கள் பார்க்காமலே போகலாம். சின்ன ஊரில் அது நடக்காது. பதினாலு வயதில் க்ளிப் கழற்றிய பையன் பத்து வருடம் கழித்து வங்கி கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து உங்களைப் பார்த்துச் சிரிப்பான். அவன் கீழ் முன்பல் இரண்டு மறுபடி கோணியிருந்தால் நீங்களும் பார்ப்பீர்கள், வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவரும் பார்ப்பார். அதனால் நான் எல்லாவற்றையும் பின்னாலிருந்துதான் யோசிப்பேன். பத்து வருடம் கழித்து இந்தப் பல் எங்கே நிற்கும் என்று முடிவு செய்துகொண்டு அப்புறம்தான் முதல் பிராக்கெட்டை, அதாவது கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டை, ஒட்டுவேன். கீழே சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு பழக்கத்திலிருந்து வந்தவை.

ஊரும் அறையும்

பட்டம், அதற்கு மேல் இரண்டு மூன்று வருடம் சிறப்புப் படிப்பு என்று முடித்து வரும்போது கையில் வித்தை இருக்கும், நாற்காலியில் ஆள் இருக்காது. நோயாளி வருவதற்கு இரண்டே வழிதான். ஒன்று, சுற்றுவட்டாரத்துப் பொதுப் பல் மருத்துவர்கள் அனுப்ப வேண்டும். இன்னொன்று, நீங்கள் முடித்துவிட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் அனுப்ப வேண்டும். ஒரு சிகிச்சை முடியவே ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். எனவே இரண்டாவது வழி திறக்கும்வரை முதல் வழியை நம்பித்தான் இருக்க வேண்டும்.

இதில் ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். உங்களிடம் வந்த நோயாளிக்கு நீங்கள் சொத்தை அடைக்கக் கூடாது, பல் சுத்தம் செய்யக் கூடாது. நாற்காலி காலியாக இருக்கும் மாதங்களில் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அனுப்பிய மருத்துவருக்கே ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்புங்கள்: எந்தப் பல்லில் சொத்தை, எதை அடைத்தபின் நான் தொடங்குவேன், எந்தப் பல்லை எடுக்க வேண்டும், ஏன். எடுக்க வேண்டிய பல்லை வெறும் எண்ணால் குறிப்பிடாமல் எழுத்திலும் எழுதுங்கள். பல்லுக்கு எண் போடும் முறைகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. தவறான பல் ஒன்று வெளியே வந்துவிட்டால் அதை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

சொந்த இடம் எடுப்பதற்கு முன் அந்த மருத்துவர்களின் அறைகளிலேயே குறிப்பிட்ட கிழமைகளில் போய் வேலை செய்யுங்கள். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். நாற்காலி போட வேண்டிய ஊர் நீங்கள் நினைத்த ஊராக இல்லாமலும் போகலாம்.

முதலில் வாங்க வேண்டியது கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் இரண்டு மூன்று செட் குறடுகளும். நோயாளி வந்து உட்கார்ந்திருக்க, முந்தைய ஆளுக்குப் பயன்படுத்திய குறடு இன்னும் 134 டிகிரியில் வெந்துகொண்டிருந்தால் உங்கள் நாள் முழுவதும் தள்ளிப்போகும். அடுத்தது கேமரா, கன்னத்தை விலக்கும் கருவி, வாய்க்குள் வைக்கும் கண்ணாடி. முழுத்தாடை எக்ஸ்ரே, தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே இயந்திரங்களைத் தொடக்கத்திலேயே வாங்கிக் கடனில் உட்கார வேண்டாம். பக்கத்தில் எங்கே இருக்கிறதோ அங்கே அனுப்பி எடுக்கலாம். பிராக்கெட்டில் கம்பி உட்காரும் காடியில் 0.018 அங்குலம், 0.022 அங்குலம் என்று இரண்டு வகை உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதிலேயே இருங்கள். இரண்டையும் வைத்தால் ஒவ்வொரு கம்பியும் இரண்டு மடங்கு இருப்பு வேண்டும். சப்ளை வண்டி தினமும் வராத ஊரில் அது தலைவலி.

முதல் நாள் பார்க்க வேண்டியவை

பெற்றோர் முன்பல்லைக் காட்டுவார்கள். நீங்கள் கடைசியாகப் பார்க்க வேண்டியது அதைத்தான். முதலில் முகம்: உதடு சிரமமில்லாமல் மூடுகிறதா, கீழ்த்தாடை பின்னால் இருக்கிறதா, முகம் ஒரு பக்கம் சாய்கிறதா. அப்புறம் ஈறு, சொத்தை. அதற்கப்புறம் கடி. அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-ல் சொன்ன வகைப்பாடுதான் இன்றும் முதல் வரியில் எழுதப்படுகிறது: மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்பக்க முகடு கீழ்ப்பல்லின் பள்ளத்தில் உட்கார்ந்தால் முதல் வகை, கீழ்ப்பல் பின்தங்கினால் இரண்டாம் வகை, முன்னால் போனால் மூன்றாம் வகை. மேல் முன்பல் கீழ் முன்பல்லுக்கு 2, 3 மில்லிமீட்டர் முன்னால் இருப்பது இயல்பு. ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். கண் அளவை நம்பாதீர்கள்.

பிள்ளையை எந்த வயதில் கூட்டிவர வேண்டும் என்று கேட்பார்கள். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டச் சொல்கிறது. காட்டச் சொல்கிறதே தவிர க்ளிப் போடச் சொல்லவில்லை. ஏழு வயதில் வரும் பெரும்பாலான பிள்ளைகளை ‘வளரட்டும், வருடம் ஒருமுறை வாருங்கள்’ என்று நான் அனுப்பிவிடுவேன், இன்னொருவராக இருந்தால் ஒரு சின்னக் கருவியாவது மாட்டியிருப்பார். ஆனால் கடிக்கும்போது கீழ்த்தாடை ஒரு பக்கமாக நழுவுகிறதா, கீழ் முன்பல் மேல் முன்பல்லுக்கு முன்னால் வருகிறதா, அந்த இரண்டையும் தள்ளிப்போட வேண்டாம்.

சின்ன ஊரில் நீங்கள் மட்டுமே பிடிக்கக்கூடிய ஒன்று உண்டு: மேல் கோரைப்பல். ஒன்பது, பத்து வயதில் பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறில் விரலை வைத்தால் உள்ளே வரும் பல்லின் புடைப்பு தட்டுப்பட வேண்டும். இரு பக்கமும் தட்டுப்படவில்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் இல்லை என்றால் எக்ஸ்ரே எடுங்கள். அண்ணப் பக்கமாகத் திரும்பி வரும் கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரையே கரைத்துவிடும். 1988-ல் எரிக்சன், கூரோல் என்ற இரண்டு ஸ்வீடன் மருத்துவர்கள் இப்படித் திரும்பிய 46 கோரைப்பற்களுக்குக் கீழே இருந்த பால் பல்லை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். 36 பற்கள் தாமாகவே சரியான பாதைக்கு வந்தன. அறுவை சிகிச்சையும் சங்கிலி கட்டி இழுப்பதும் இல்லாமல், ஒரு பால் பல்லோடு போனது. இந்த விரல் சோதனையைச் சுற்றுவட்டாரப் பல் மருத்துவர்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்கு வரும் கடிதங்களிலேயே மிகப் பயனுள்ளவை இதிலிருந்துதான் வரும்.

பல்லை எடுக்கச் சொல்வது

ஊரில் ஒரு கருத்து இருக்கும்: நல்ல மருத்துவர் பல்லை எடுக்க மாட்டார். நீங்கள் நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுக்கச் சொன்ன செய்தி மாலைக்குள் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். இந்தச் சண்டை நம் துறையின் வயதுக்கு நெருக்கமானது. எல்லாருக்கும் எல்லாப் பல்லும் வாயில் பொருந்தும் என்றார் ஆங்கிள். கேல்வின் கேஸ் என்ற இன்னொரு அமெரிக்க மருத்துவர் 1911-ல் அதை எதிர்த்து வாதாடினார். ஆங்கிளின் மாணவரான சார்லஸ் ட்வீட் அரிசோனாவில் குருவின் வழியிலேயே எதையும் எடுக்காமல் சிகிச்சை செய்தார். முடித்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தபோது பலருக்குப் பல் முன்னால் தள்ளிக்கொண்டும் மறுபடி கோணியும் இருந்தது. பல்லை எடுத்து அவர்களுக்கு மறுபடி சிகிச்சை செய்து, 1940-ல் அப்படி 100 பேரின் பதிவுகளைச் சபையில் வைத்தார். அதற்கப்புறம் ஊசல் மறுபக்கம் போய்த் தேவையில்லாமல் எடுத்தவர்களும் உண்டு.

நான் செய்வது இது. மாதிரி அச்சின் மேல் இடப்பற்றாக்குறையை மில்லிமீட்டரில் அளந்து பெற்றோரின் கையிலேயே கொடுப்பேன். ‘இவ்வளவு இடம் குறைகிறது. எடுக்காமல் வரிசைப்படுத்தினால் முன்பல் இவ்வளவு முன்னால் வரும், உதடும் சேர்ந்து வரும்’ என்று பக்கவாட்டுப் படத்தில் காட்டுவேன். அன்றைக்கே பதில் சொல்லச் சொல்ல மாட்டேன். பாட்டி, மாமா, டியூஷன் டீச்சர் எல்லாரிடமும் பேசிவிட்டு வரட்டும். எப்படியும் பேசத்தான் போகிறார்கள். எடுக்கலாம், எடுக்காமலும் சமாளிக்கலாம் என்று இரண்டுக்கும் நடுவில் இருந்தால் எடுக்காதீர்கள்.

கம்பியும் இடைவெளியும்

வெளியூரிலிருந்து பாதி நாள் செலவழித்து வருபவரை மாதம் தவறாமல் வரச் சொல்வது பல நேரம் நம் வசதிக்காகத்தான், பல்லுக்காக இல்லை. பல் நகர்வது எப்படி என்று யோசித்தால் இது புரியும். வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்ப்படலம் இருக்கிறது. அழுத்தும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வருகின்றன, இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் வருகின்றன. விசை அதிகமானால் அந்தப் படலத்தின் ரத்தக்குழாய்கள் நசுங்கி, செல்கள் செத்து, பல் சில வாரம் அசையாமலே நிற்கும். வலி மட்டும் மிச்சம். மெல்லிய விசை தொடர்ந்து இருந்தால் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகரும். இறுக்கி அனுப்பினால் சீக்கிரம் முடியும் என்று நினைக்கும் பெற்றோருக்கும், நினைக்கும் மருத்துவருக்கும், இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சின்ன ஊர் மருத்துவருக்கு வாழ்வு கொடுத்தது நிக்கல் டைட்டானியம் கம்பி. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ப்யூலர் கண்டறிந்த உலோகக் கலவை அது. 1970-களின் தொடக்கத்தில் அயோவாவில் ஆண்ட்ரீசன் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். வளைத்துக் கட்டினால் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். 0.014 அங்குல உருண்டைக் கம்பியில் தொடங்கி, வரிசைப்படும் கட்டத்தில் ஆறு முதல் எட்டு வாரம் தாராளமாக இடைவெளி விடலாம். பற்களுக்கு நடுவே உள்ள இடத்தை மூடும் கட்டத்தில், ரப்பர் சங்கிலி போடும்போது, வருகைகளின் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். சங்கிலியின் இழுவிசை முதல் நாளிலேயே கணிசமாகக் குறைந்துவிடும். சுருள்வில் போட்டால் அந்தத் தொல்லையும் குறைவு.

தூரத்து நோயாளிக்கு இன்னொரு ஏற்பாடு: கடைவாய்ப்பல்லில் ஒட்டும் குழாயை முதல் நாளே கூடுதல் கவனத்தோடு ஒட்டுங்கள். எச்சில் பட்டால் பிடிக்காது, அங்கேதான் எச்சில் அதிகம். ஈரம் தடுக்க முடியாத வாய் என்றால் பல்லைச் சுற்றி உலோகப் பட்டை போட்டுவிடுங்கள். அழகில்லை, ஆனால் நிற்கும்.

தொலைபேசியில் தீர்ப்பவை

இரவு எட்டு மணிக்கு ‘கம்பி குத்துது டாக்டர்’ என்று அழைப்பு வரும். முதலில் படம் அனுப்பச் சொல்லுங்கள். குத்தும் இடத்தைத் துடைத்து உலர்த்தி, மெழுகை உருட்டி அழுத்தச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். பிராக்கெட் பெயர்ந்து கம்பியிலேயே தொங்கினால் அவசரமில்லை, அடுத்த இரண்டு மூன்று நாளில் வரட்டும். யாரும் பசை போட்டு ஒட்டிப் பார்க்க வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள், பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சிறு துண்டை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். ஆனால் விழுங்கியதும் விடாத இருமல், மூச்சுத் திணறல் என்றால் உங்களிடம் வரக் கூடாது, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகம் வீங்கிக் காய்ச்சல் இருந்தாலும் அப்படித்தான், அதே நாளில் யாராவது பார்த்தாக வேண்டும்.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் அச்சடித்து, க்ளிப் போடும் நாளில் மெழுகோடு சேர்த்துக் கொடுத்தால் இரவு அழைப்புகள் குறையும். ஒழியாது.

துலக்காத பிள்ளை

பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு நின்றால் ஒரு மாதத்துக்குள்ளேயே எனாமலில் வெள்ளைத் திட்டு விழத் தொடங்கிவிடும். க்ளிப் கழற்றியதும் பல் நேராக இருக்கும், ஒவ்வொரு பல்லிலும் சதுரமாகத் திட்டும் இருக்கும். ஊருக்குத் தெரிவது அந்தத் திட்டுதான். ஆகவே தொடங்குமுன் இரண்டு தடவை வரச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது தடவையும் ஈறு வீங்கியே இருந்தால் தொடங்காதீர்கள். நடுவில் மோசமானால் பிள்ளையைத் திட்டாமல், வாயைப் படம் எடுத்துப் பெரிதாக்கி அவனிடமே காட்டுங்கள். ஃப்ளோரைடு பேஸ்ட், தேவைப்பட்டால் ஃப்ளோரைடு கொப்புளிப்பு. அப்படியும் மாறவில்லை என்றால் பாதியிலேயே கழற்றிவிடுவேன் என்று எழுத்தில் சொல்லி, சொன்னபடி கழற்றவும் வேண்டும். நான் கழற்றியிருக்கிறேன். அம்மாவுக்குக் கோபம் வந்தது, பல் தப்பித்தது.

பணம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தத் தொகை, அதில் என்னென்ன அடங்கும், உடைந்த பிராக்கெட்டுக்கு எப்போது தனியாக வாங்குவீர்கள், க்ளிப் கழற்றியபின் பல்லைப் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர் தொலைந்தால் என்ன, எல்லாம் தொடங்கும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். தவணை சிகிச்சை முடிவதற்குச் சில மாதம் முன்பே முடியும்படி அமையுங்கள். பாக்கி இருக்கிறது என்பதற்காக க்ளிப்பைக் கழற்றாமல் பிடித்து வைக்காதீர்கள். பாக்கி என்பது பணத் தகராறு, பிடித்து வைத்தால் அது மருத்துவத் தகராறு ஆகிவிடும்.

கழற்றிய பிறகு

கல்யாணம், வேலை நேர்காணல், மேல்படிப்பு என்று ஒரு தேதியோடு வருவார்கள். தேதிக்காகச் சீக்கிரம் கழற்றுவதைவிட, அந்த நாளுக்கு முன்பக்கப் பிராக்கெட்டுகளை மட்டும் எடுத்துவிட்டு அப்புறம் திரும்ப ஒட்டுவது மேல். ஆறு பிராக்கெட் மறுபடி ஒட்ட அரை மணி நேரம் போதும்.

ரிட்டெய்னரைப் பற்றி முதல் நாளே பேச வேண்டும், கழற்றும் நாளில் இல்லை. கழற்றும் நாளில் யாரும் காது கொடுப்பதில்லை, கண்ணாடி பார்ப்பதில் இருப்பார்கள். ஈறின் நார்கள் புது இடத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். திருகியிருந்த பல்லைச் சுற்றிய மீள்நார்கள் ஒரு வருடத்துக்கும் மேல் அதைப் பழைய பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இவை ஓய்ந்த பிறகும் வயதோடு வரும் நெருக்கம் தனி. சியாட்டிலில் ராபர்ட் லிட்டில் குழுவினர் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், முன்கடைவாய்ப் பற்களை எடுத்துச் சிகிச்சை பெற்ற 65 பேரை ரிட்டெய்னரை நிறுத்திப் பத்து வருடத்துக்கு மேல் கழித்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கீழ் முன்பற்கள் திருப்தியாக இல்லை. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பிடித்து வைக்காத பல் நகரும். ஞானப்பல் தள்ளியதால்தான் கோணிவிட்டது என்று நோயாளி சொல்வார். ஞானப்பல்லே முளைக்காதவருக்கும் இது நடக்கிறது. முன்பல் கோணாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஞானப்பல்லை எடுக்க அனுப்பாதீர்கள்.

என் வழக்கம்: கீழே கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல்வரை உள்பக்கம் ஒட்டிய கம்பி, மேலே கழற்றி மாட்டும் ரிட்டெய்னர். முதல் சில மாதம் பெரும்பாலான நேரம், அப்புறம் இரவில் மட்டும். எத்தனை வருடம் என்று கேட்டால், பல் நேராக இருக்க வேண்டிய வருடம்வரை என்று சொல்வேன். ஒட்டிய கம்பியைக் கவனிக்காமல் விட்டால் ஆபத்து. ஒரு பல்லில் மட்டும் பெயர்ந்தால் நோயாளிக்குத் தெரியாது, அந்தப் பல் மட்டும் தனியாக நகர்ந்திருக்கும். பல் காரையும் அங்கேதான் படியும். வருடம் ஒருமுறை பார்க்க வரச் சொல்லுங்கள். வேறு ஊருக்குப் போய்விட்டவர்கள் விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் சமயத்தில் அதற்கென்று நேரம் ஒதுக்கி வையுங்கள். கடைசி மாதிரியை, அது பிளாஸ்டர் அச்சோ ஸ்கேனோ, தூக்கிப் போடாதீர்கள். தொலைந்த ரிட்டெய்னருக்குப் பதில் செய்ய உதவும்.

அலைனர், அதாவது க்ளிப்புக்குப் பதில் மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் உறை, கேட்டு வருபவர்களுக்கும் இதே பேச்சுதான். அது நல்ல கருவி, சரியான ஆளுக்கு. ஆனால் பெட்டியில் வைத்தால் வேலை செய்யாது, ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். மருத்துவரைப் பார்க்காமல் தபாலில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அப்படி வீட்டுக்கே அனுப்பிவந்த அமெரிக்க நிறுவனம் ஒன்று 2023 டிசம்பரில் மூடியபோது பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் கேட்க ஆளில்லாமல் நின்றதைச் சொல்லுங்கள்.

தனியாக இருப்பது

நாள் முழுக்க ஆட்களோடு பேசிக்கொண்டே இருப்பீர்கள், ஆனால் ஒரு பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயைப் பற்றிப் பேச ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார். கூடப் படித்தவர்கள் நான்கு பேர் சேர்ந்து, நோயாளியின் பெயரும் முகமும் தெரியாதபடி மறைத்து, சிக்கலான கேஸ்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள். முடிந்து அழகாக வந்ததை அனுப்புவது எல்லாரும் செய்வது. நடுவில் சிக்கியிருப்பதை அனுப்புங்கள், அதுதான் உதவும். உதடு, அண்ணப் பிளவு உள்ள பிள்ளைகள், தாடை அறுவை தேவைப்படும் பெரியவர்கள், இவர்களைக் குழுவாகப் பார்க்கும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அங்கே திட்டமிட்டபின் மாதாந்தரக் கம்பி வேலையை நீங்கள் இங்கே செய்து கொடுக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள், அந்தக் குடும்பத்துக்குப் பயணமும் மிச்சம்.

உதவிக்கு உள்ளூர்ப் பிள்ளை ஒருவரை வைத்துப் பழக்குங்கள். படம் எடுக்க, மாதிரி ஊற்ற, கருவி அடுக்கக் கற்றுக்கொண்டால் உங்கள் வேகம் இரண்டு மடங்கு. உங்கள் கழுத்தையும் முதுகையும் காப்பாற்றுவது தலைக்குப் பின்னாலிருந்து வேலை செய்யும் பழக்கமும், நோயாளியை நன்றாகச் சாய்த்துப் படுக்க வைப்பதும்தான். நோயாளிக்குச் சங்கடமாக இருக்குமே என்று நீங்கள் குனிந்தால் நாற்பது வயதில் தெரியும்.

உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் வாயில் கம்பியோடு இருப்பவர்கள் எங்கே போவார்கள்? பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள், அவருக்கு நீங்கள், உங்களுக்கு அவர். ஓய்வு பெறும் எண்ணம் வந்தால் புது நோயாளிகளை எடுப்பதை இரண்டு வருடம் முன்பே குறைக்கத் தொடங்குங்கள். அது எப்போதென்று தெரியாவிட்டாலும், நடப்பில் இருக்கும் எல்லாருக்கும் ஒரு பட்டியல் தயாராக இருக்கட்டும்: எந்தக் காடி, இப்போது எந்தக் கம்பி, எந்தப் பற்கள் எடுக்கப்பட்டன, என்ன பாக்கி வேலை, எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு மிச்சம். மாதக் கடைசியில் புதுப்பியுங்கள். ஒரு பிரதி அறையில் இருக்கட்டும், இன்னொன்று வீட்டில், சாவி உள்ள ஒருவருக்குத் தெரிந்த இடத்தில்.